அணையின் காலடியில் ஒரு குட்டி ராஜ்யம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்டிபட்டியிலிருந்து வரும் பஸ் வைகை அணையில் வந்து நிற்கிறது.

முதலில் குழந்தைகள் குதிக்கிறார்கள். அடுத்து ஒரு தூக்குச் சட்டி இறங்குகிறது. பிறகு ஒரு கூடை, ஒரு போர்வை, இரண்டு தண்ணீர் பாட்டில். கடைசியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்குகிறார் அப்பத்தா.

"எல்லாரும் இறங்கியாச்சா? எண்ணிப் பாருத்தா!"

எண்ணி முடிப்பதற்குள் இரண்டு பேர் ஓடிவிடுகிறார்கள்.

எங்கே ஓடுகிறார்கள்? அணையைப் பார்க்கவா? இல்லை. அணை 111 அடி உயரத்துக்கு எதிரே நிற்கிறது. அதை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஊஞ்சல் எங்கே? சறுக்கு மரம் எங்கே? குட்டி ரயில் எங்கே? அதுதான் அவர்கள் கேள்வி.

தேனி மாவட்டத்துக் குழந்தைகளுக்கும், கம்பம் பள்ளத்தாக்கின் குழந்தைகளுக்கும் இதுதான் பூங்கா. ஆற்றின் இரண்டு கரையிலும் விரிந்து கிடக்கிறது. புல்தரை உண்டு. நிழல் மரங்கள் உண்டு. நீரூற்றுகள் உண்டு. சிறுவர்கள் விளையாட இடம் உண்டு. வானத்தைத் தொடும் ராட்டினம் கிடையாது. அலை அடிக்கும் செயற்கைக் குளம் கிடையாது.

"இவ்வளவுதானா?" என்று பெரியவர்கள் உதட்டைப் பிதுக்கலாம். நாலு வயதுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். மாலையில் வீட்டுக்குக் கூப்பிட்டால் அழுகிறது!

கோயில் இருந்தால் கடை வீதி வேண்டாமா?

வைகை அணை 1959-ஆம் ஆண்டு ஜனவரி 21-ந் தேதி திறக்கப்பட்டது. அப்போது முதலமைச்சர் காமராஜர். நடுவே கற்கட்டு, இரு பக்கமும் மண்கரை என்று அமைந்த அணை இது. இதில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் அணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பவானிசாகர், சாத்தனூர், கிருஷ்ணகிரி, அமராவதி என்று பெயர்களை அடுக்கலாம். அணை எழுந்த இடத்திலெல்லாம் அதன் காலடியில் ஒரு பூங்காவும் எழுந்தது.

இதற்கு முன்மாதிரி மைசூருக்குப் பக்கத்தில் இருந்தது. கிருஷ்ணராஜ சாகர் அணைக்குக் கீழே 1932-ல் அமைந்து முடிந்த பிருந்தாவனத் தோட்டம்தான் அது. வண்ண விளக்கில் மின்னும் அதன் நீரூற்றுகளைப் பார்த்து நாடே மயங்கியது. வைகைப் பூங்காவுக்கும் 'சின்ன பிருந்தாவனம்' என்று பட்டப் பெயர் வந்தது.

அணைக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் பிடித்துத்தான் இந்தப் பூங்காவைப் போட்டார்கள் என்று இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பெரியவர்கள் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை தொனிக்கும்.

1955-ல் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி என்ற சினிமாக்காரர் டிஸ்னிலாந்தைத் திறந்தார். குழந்தைகள் கூட்டத்தை நம்பியே போட்ட கேளிக்கை நகரம் அது. நம் நாட்டிலோ அதே ஆண்டுகளில், வயலுக்குத் தண்ணீர் தர அணை கட்டினார்கள். அப்படியே குழந்தைகளுக்கு ஓர் ஊஞ்சலும் கட்டினார்கள்.

அணைகளைப் புதிய இந்தியாவின் கோயில்கள் என்றார் நேரு. கோயில் என்று ஒன்று இருந்தால், வாசலில் பொரி கடலைக் கடையும் பலூன்காரரும் இருக்க வேண்டும் அல்லவா?

ரயில் இல்லாத ஊரில் ஒரு ரயில்

பூங்காவின் செல்லப் பிள்ளை குட்டி ரயில்தான். ஊதல் கேட்டதும், ஊஞ்சலில் இருக்கிற பிள்ளைகூடப் பாதியில் குதித்து ஓடும்.

தேனிப் பிள்ளைகளுக்கு ரயில் மேல் ஏன் இத்தனை ஆசை? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-லேயே ரயில் பாதை வந்தது. மீட்டர் கேஜ் பாதை. ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சிறிய ரயில் போய் வந்துகொண்டிருந்தது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் முடிவில் அந்த ரயிலை நிறுத்தினார்கள். இதோ வரும், அதோ வரும் என்றார்கள். மறுபடி தேனிக்கு ரயில் வந்தது 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதத்தில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011-ல் தேனியில் பிறந்த ஒரு குழந்தை, தன் ஊர் நிலையத்தில் ரயிலைப் பார்ப்பதற்குள் அதற்குப் பதினொரு வயது ஆகிவிட்டது! அத்தனை ஆண்டுகளும் இந்த மாவட்டத்தில் ரயில் என்று சொல்லிக்கொள்ள இருந்தது பூங்காவின் குட்டி ரயில் ஒன்றுதான்.

அந்தக் குட்டி ரயிலும் நாள் தவறாமல் ஓடியது என்று சொல்ல முடியாது. பழுதாகி நின்ற காலங்கள் உண்டு. சரி செய்து ஓடிய காலங்களும் உண்டு. ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "ரயிலில் ஏற்றுகிறேன்" என்று வீட்டிலேயே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாசலில் சீட்டு வாங்கும்போது விசாரித்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள். பெரியவர்கள் வாக்குத் தவறினால் பெரியவர்கள் மறந்துவிடுவார்கள். குழந்தைகள் மறப்பதில்லை.

அம்மா உட்கார்ந்திருக்கிறாள்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்தில் விடியுமுன் போய்ப் பாருங்கள். தெருமுனையில் ஜீப்புகள் நிற்கும். கையில் தூக்குச் சட்டியோடு பெண்கள் ஏறுவார்கள். மலை ஏறி, எல்லை தாண்டி, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கிளம்பும்போது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். சமையல், பாத்திரம், துணி என்று மிச்சப் பொழுதும் போய்விடும்.

திராட்சைத் தோட்டத்திலும் வயலிலும் வேலை பார்க்கிறவர்களுக்கும் கதை ஏறக்குறைய இதுதான். வெளிச்சத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச, விடுமுறை நாள் வர வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு தாய் பூங்காவுக்கு வந்தால் என்ன செய்கிறாள்? ஒன்றும் செய்வதில்லை! மர நிழலில் போர்வையை விரிக்கிறாள். காலை நீட்டி உட்கார்கிறாள். அவ்வளவுதான்.

பிள்ளையோ ஓடுகிறது. சறுக்கில் ஏறுகிறது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வருகிறது. "தாகமா?" என்றால் இல்லை என்கிறது. "பசியா?" என்றால் இல்லை என்கிறது. பின் எதற்கு வந்தது? அம்மா அங்கேயே இருக்கிறாளா என்று பார்க்கத்தான்! பார்த்ததும் மறுபடி ஓட்டம். நாள் முழுவதும் இப்படிப் போவதும் வருவதுமாக இருக்கும்.

சின்னப் பூங்காவின் சுகம் இதில்தான் இருக்கிறது. அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து ஊஞ்சல் தெரிகிறது. ஊஞ்சலில் இருந்து பார்த்தால் அம்மா தெரிகிறாள்.

பெரிய கேளிக்கைப் பூங்காக்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பிளாக் தண்டர், மதுரைக்குப் பக்கத்தில் அதிசயம் என்று பேர் பெற்றவை பல. பள்ளிக்கூடப் பையன்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஆர்ப்பாட்டமாக ஆடிவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு அது சரி. நாலு வயதுக்கு?

இத்தகைய இடங்களில் பெரிய ராட்டினத்துக்கு முன்னால் உயரம் பார்க்க ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைத் தலை எட்டவில்லை என்றால் ஏற்ற மாட்டார்கள். இது கெடுபிடி அல்ல. இருக்கையின் பட்டையும் கம்பியும் பெரியவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தவை. சின்ன உடம்பு அதில் நிற்காது, நழுவிவிடும். ஆகவே சின்னது கீழே நின்று அண்ணனையும் அக்காவையும் பார்த்து அழும். அதற்கும் சேர்த்து அப்பா நுழைவுச் சீட்டு வாங்கியிருந்தால், அவருக்கும் அழுகை வரும்!

வைகைப் பூங்காவில் அந்தக் கோடு கிடையாது. நுழைவுக் கட்டணமும் சில்லறைக் காசுதான். கூலி வேலை செய்கிறவர் மனைவி, மூன்று பிள்ளைகள், தாயார் என்று குடும்பத்தோடு வந்தாலும், செலவில் பெரும் பங்கு பஸ்ஸுக்குத்தான் போகும்.

தேனிப் பக்கத்துக்கு ராட்டினம் வராமல் இல்லை. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடக்கும். அப்போது முல்லை ஆற்றங்கரையில் விதவிதமான ராட்டினங்கள் சுற்றும். எட்டு நாளும் ஜன சமுத்திரம். பிள்ளையைத் தோளை விட்டு இறக்க முடியாது. திருவிழா முடிந்ததும் ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். பூங்கா போகாது. அங்கேயே இருக்கும்.

"ஜிலேபி வேணும்!"

பகல் ஒரு மணி ஆனால் தூக்குச் சட்டிகள் திறக்கும். புளியோதரை, எலுமிச்சம் சோறு, உருளைக்கிழங்கு, அவித்த முட்டை. மரத்துக்கு மரம் ஒரு வாசனை!

சோறு கொண்டுவந்தவர்களும் மீன் வறுக்கும் வாசனைக்குத் தப்ப முடியாது. அணை மீன் என்றால் இந்தப் பக்கத்தில் தனி மரியாதை. கட்லா, ரோகு, மிருகால் என்று வகைகள் இருக்கின்றன. சின்ன மீன் ஒன்றுக்கு ஜிலேபி என்று பெயர்.

இந்தப் பெயரால் வரும் வம்பு கொஞ்சமல்ல. "ஜிலேபி வாங்கித் தாரேன் வா" என்று மாமா கூப்பிடுவார். பிள்ளை ஆசையாக ஓடும். போய்ப் பார்த்தால், மிளகாய்த் தூள் பூசிக்கொண்டு மீன் முறைத்துப் பார்க்கும்! அப்புறம் சமாதானப்படுத்தப் பஞ்சு மிட்டாய் வாங்கித்தான் ஆக வேண்டும். மாமாவுக்கு இரட்டைச் செலவு.

கம்பத்துப் பிள்ளைக்கு முன்பே வந்த தண்ணீர்

சாப்பாடு முடிந்தால் குழந்தைகள் சற்று அடங்குவார்கள். அணையைக் காட்ட அதுதான் நேரம்.

"இந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கு?"

"தண்ணி."

"அது எங்கிருந்து வந்துச்சு?"

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களிலும் பலர் மழைத் தண்ணீர் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கம்பத்திலிருந்து வந்த குடும்பமாக இருந்தால் அப்படி முடிக்கக் கூடாது. ஏனென்றால் இதில் ஒரு பங்கு, அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டி வந்த தண்ணீர்!

வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. மழை இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல்தான். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. பென்னிகுவிக் என்ற ஆங்கில எஞ்சினியர் அதன் குறுக்கே அணை கட்டினார். மலையைக் குடைந்து வழி செய்து தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். 1895-ல் அந்த வேலை நிறைவேறியது.

தேக்கடியிலிருந்து அந்தத் தண்ணீர் மலை இறங்குகிறது. லோயர் கேம்பில் மின்சாரம் தருகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வருகிறது. வழியிலேயே 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலை நனைக்கிறது. தேனிக்குப் பக்கத்தில் வைகையோடு சேர்கிறது. பிறகு இந்த அணையில் வந்து தங்குகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைக்கு பென்னிகுவிக் என்று பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபமும் திறந்தார்கள்.

இங்கிருந்து தண்ணீர் எங்கே போகிறது? மதுரைக்காரர்கள் குடிக்கிறார்கள். கீழே உள்ள வயல்கள் குடிக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்க, இங்கிருந்துதான் தண்ணீர் திறக்கிறார்கள். இதையெல்லாம் கதை போலச் சொன்னால், ஐந்து வயதுப் பிள்ளையும் சுவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்க்கும்.

மூழ்கும் பாலம்

பூங்காவின் இரண்டு பாதிகளையும் ஆற்றின் குறுக்கே ஒரு தாழ்வான பாலம் இணைக்கிறது. அதில் நின்று அணையைப் பார்ப்பது ஒரு காட்சி. காலுக்குக் கீழே தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக் குழந்தைகள் கூச்சலிடுவார்கள்.

ஆனால் அணையிலிருந்து நிறையத் தண்ணீர் திறந்தால் இந்தப் பாலம் மூழ்கிவிடும். அப்போது அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள். "சும்மா ஒரு ஓரமாப் போயிட்டு வந்துடுறோம்" என்று காவலரிடம் கெஞ்சுகிறவர்களும் உண்டு. கெஞ்சக் கூடாது.

அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டக் கரையோர மக்களுக்கும் அந்த எச்சரிக்கை போகிறது. பூங்கா அணைக்கு நேர் கீழே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஆற்றுக்குள் பிள்ளைகளை இறக்காதீர்கள். மேலே வானம் வெளுத்திருக்கும். மலையில் மழை கொட்டியிருக்கும்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். உச்சி வெயிலில் இரும்புச் சறுக்கு கொதிக்கும். பிள்ளையை உட்கார வைக்கும் முன் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் அப்பாவின் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். காணும் பொங்கல் போன்ற நாட்களில் கூட்டம் நெரியும். மிகச் சின்னக் குழந்தை இருந்தால் வேறு நாள் வருவது நல்லது.

சுருளி அருவிக்கும் கும்பக்கரை அருவிக்கும் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். அழகான இடங்கள்தான். ஆனால் பாறை வழுக்கும். நடை பழகும் பிள்ளையை அங்கே கையை விட்டு இறக்க முடியாது. இங்கே புல்லில் உருளவே விட்டுவிடலாம்.

சுவருக்குப் பின்னால்

அணையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருக்கும் முதியவர்களும் உண்டு. அவர்களில் சிலருக்கு அங்கே சொந்த ஊர் இருந்தது.

அணை கட்டியபோது நீர் தேங்கும் பகுதியில் இருந்த கிராமங்களைக் காலி செய்தார்கள். வீடு, கிணறு, வயல், குலசாமி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜனங்கள் வேறு ஊர்களில் குடியேறினார்கள். அப்படி வடுகபட்டிக்கு வந்த ஒரு குடும்பத்துப் பையன்தான் பின்னாளில் கவிஞர் வைரமுத்து. ஊர் மூழ்கிய அந்தக் கதையை 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று நாவலாக எழுதினார். அதற்கு 2003-ல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது.

குழந்தைகள் உருண்டு விளையாடும் இந்தப் புல்தரைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் இங்கே ஊஞ்சல் ஆடுகிறார்கள். ஊஞ்சலின் சங்கிலி அறுந்து கிடந்தால், நீரூற்று வறண்டு கிடந்தால், ரயில் கொட்டகையில் தூங்கினால், அது சின்ன விஷயம் அல்ல. பணம் உள்ளவர்கள் காரை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போவார்கள். ஏலத் தோட்டத்துத் தாய் எங்கே போவாள்? ஒரு சங்கிலிக்கும் கொஞ்சம் எண்ணெய்க்கும் எவ்வளவு பணம் ஆகிவிடும்?

ஜனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் புல்லில் போட்டுவிட்டுப் போகிறவர்கள், அடுத்த வாரம் தங்கள் பிள்ளையே அதன் மேல் விழுந்து புரளும் என்பதை எண்ணுவதில்லை.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் கொடைக்கானல் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கும். வண்ண விளக்குகள் எரியும் நாளாக இருந்தால், பிள்ளைகள் நீரூற்றை விட்டு நகர மாட்டார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று தண்ணீர் மாறும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கூச்சல் எழும். விளக்கு பார்க்க வேண்டும் என்றால், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.